பேருந்துக்கு மட்டும் ஏன் நஷ்டக் கணக்கு?

2024 பிப்ரவரியில் சென்னை அமைந்தகரைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்தின் தரைப்பலகை உடைந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு பெண் பயணி கீழே போய்விட்டார். கூட இருந்தவர்கள் கூச்சலிட, ஓட்டுநர் வண்டியை நிறுத்த, காயங்களோடு உயிர் தப்பினார். இரண்டு மாதம் கழித்துத் திருச்சியில் ஒரு வளைவில் திரும்பிய அரசுப் பேருந்திலிருந்து நடத்துநர் தன் இருக்கையோடு சேர்ந்து சாலையில் வந்து விழுந்தார். பணிமனை ஊழியர்கள் மீது நடவடிக்கை பாய்ந்தது. மாநிலத்தின் எல்லா அரசுப் பேருந்துகளையும் 48 மணி நேரத்தில் சோதிக்கும்படி தலைமைச் செயலாளரின் உத்தரவும் வந்தது.

இரண்டு சம்பவத்துக்கும் பிறகு நான் எதிர்பார்த்த கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பலகையை மாற்றவும் அந்த இருக்கையைத் திருகி இறுக்கவும் பணிமனைக்குப் பணம் எங்கிருந்து வர வேண்டும்? அதை யாரும் கேட்கவில்லை. வழக்கமான பேச்சுதான் திரும்பவும் வந்தது. பேருந்துக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன. பெண்களுக்கு இலவசம் கொடுத்துவிட்டு வண்டி நன்றாக இருக்க வேண்டுமென்றால் எப்படி. பயணிகள் உரிய கட்டணம் கொடுக்கட்டும், இல்லாவிட்டால் தனியாரிடம் விட்டுவிடுங்கள். தேநீர்க் கடையிலும் தலையங்கத்திலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இதே பேச்சுதான். படித்தவர்கள் இதைப் பொருளாதார அறிவு என்று நம்புகிறார்கள். இதில் உள்ள ஒவ்வொரு படியும் தவறு என்பது என் கட்சி.

முதலில் அந்த நஷ்டம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு. 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஒரு எண் இருந்தது. அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம். அந்த எண் அன்றிலிருந்து ஊரெங்கும் சுற்றுகிறது. கொரோனாவில் பேருந்துகள் மாதக்கணக்கில் ஓடாமல் நின்று, ஓடிய வண்டிகளும் பாதி காலியாகப் போன காலத்தை அடுத்து வந்த எண் அது என்பதை மேற்கோள் காட்டுகிறவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. அது கிடக்கட்டும். எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வோம். ஒரு வண்டியில் 50 பேர் இருந்தால் ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 18 காசு. அதே தூரத்துக்கு ஒரு இருசக்கர வண்டி எரிக்கும் பெட்ரோல் மட்டும் ஏறக்குறைய இரண்டு ரூபாய். 50 பேரை ஒரே வண்டியில், சாலையில் ஒரே வண்டிக்கான இடத்தை அடைத்துக்கொண்டு, அந்தச் செலவில் கொண்டுபோகும் ஏற்பாட்டுக்குப் பெயர் நஷ்டம்.

அதே 2021 ஆகஸ்ட் மாத இறுதியில் இன்னொரு காரியமும் நடந்தது. பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதியில் நான்கு சுங்கச் சாவடிகளில் வசூல் நிறுத்தப்பட்டது. மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டப் போகிறார்கள், நெரிசல் கூடும், ஆகவே கட்டணம் வேண்டாம் என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அந்தச் சாலையின் பராமரிப்புக்கு இனி யார் பணம் தருவார், கார் ஒரு கிலோமீட்டர் ஓடினால் அரசுக்கு எவ்வளவு நஷ்டம் என்று எந்த அறிக்கையும் கேட்கவில்லை. அண்ணா சாலையில் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை 3.2 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அரசு ஒதுக்கிய தொகை 621 கோடி ரூபாய். அந்தப் பாலம் மாதம் எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்று கேட்டவர் யாராவது உண்டா? தெருவிளக்கு ஈட்டும் லாபத்தை யாரும் கேட்பதில்லை. மழைநீர் வடிகாலிடமும் கேட்பதில்லை. காருக்காகக் கட்டுவது முதலீடு, பேருந்துக்குக் கொடுப்பது நஷ்டம் என்று எழுதும் கணக்குப் புத்தகம் பொருளாதாரமும் அல்ல, நேர்மையும் அல்ல.

அந்தப் புத்தகத்திலேயே இன்னொரு பக்கம் இருக்கிறது. பேருந்து போடும் டீசலுக்கு மாநில அரசே மதிப்புக் கூட்டு வரி வாங்குகிறது: 11 விழுக்காடு, அதன் மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. ஒன்றிய அரசின் கலால் வரி அதற்கு முன்பே சேர்ந்துவிடும். மக்களைச் சுமக்கும் வண்டியிடம் வரி வாங்கி, பிறகு அந்த வண்டியை நஷ்டக்காரன் என்று திட்டி, கொஞ்சத்தை மானியம் என்ற பெயரில் திருப்பித் தருகிறோம். 2013 ஜனவரியில் ஒன்றிய அரசு மொத்தமாக டீசல் வாங்குவோருக்கான விலையை ஒரேயடியாகக் கூட்டியது. போக்குவரத்துக் கழகங்களை ரயில்வே, தொழிற்சாலை வரிசையில் மொத்தக் கொள்முதல்காரர்களாகவே வைத்தது. சொந்த டிப்போவில் டீசல் டேங்க் இருக்க, தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் சில்லறை பங்க்குகளில் போய் வரிசையில் நின்றன. 2022இல் மொத்த விலை மறுபடி ஏறியபோதும் அதே கதை. காலை நெரிசலுக்குள் கிளம்ப வேண்டிய வண்டி பங்க்கில் காத்திருந்தால் அந்த டிரிப் கட் ஆகும். அந்த இழப்பும் கழகத்தின் தலையில்தான் எழுதப்படும்.

இந்தச் சூழலில் ஒரு கழகம் எப்படிப் பிழைக்கும்? அன்றாடக் கலெக்‌ஷனில் முதலில் டீசல். டீசல் இல்லாமல் மறுநாள் வண்டி எடுக்க முடியாது. அடுத்தது சம்பளம், அது நின்றால் வேலைநிறுத்தம். மூன்றாவதாகத் தள்ளிப்போடக் கூடியது எதுவோ அது தள்ளிப்போகும். டயர், பிரேக் லைனிங், தரைத் தகடு, கண்ணாடி, கூரையில் ஒழுகும் இடத்துக்கு ஒட்டு. ஓடாத வண்டியிலிருந்து பாகத்தைக் கழற்றி ஓடுகிற வண்டிக்குப் போடுவது பணிமனைகளில் பழகிப்போன வித்தை. ஓய்வு கொடுக்க வேண்டிய வயதைத் தாண்டிய வண்டிக்கு மறுபடி பெயின்ட் அடித்து எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு அனுப்புவார்கள். பணிமனை மெக்கானிக்கின் கைத்திறமையால்தான் இந்த ஊர் இத்தனை வருடம் வேலைக்குப் போய் வந்தது. தரைப்பலகை உடைந்த அன்று முதலில் மாட்டியதும் அவரைப் போன்றவர்கள்தான்.

பராமரிப்பைத் தள்ளிப்போட்டும் போதாதபோது கழகங்கள் தொழிலாளியின் பணத்தில் கை வைத்தன. வருங்கால வைப்பு நிதி, கூட்டுறவுச் சங்கக் கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் என்று சம்பளத்தில் பிடித்த தொகையை உரிய இடத்தில் கட்டாமல் வண்டி ஓட்டச் செலவழித்தார்கள். ஓய்வு பெற்றவர்கள் பணிக்கொடைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2018 ஜனவரியில் எட்டு நாள் பேருந்துகள் நின்ற வேலைநிறுத்தத்தின் மையமான கோரிக்கைகளில் ஒன்று இந்தப் பாக்கிதான். 2024 ஜனவரியில் மறுபடி வேலைநிறுத்தம். ஓய்வூதியர்களின் அகவிலைப்படி அப்போதும் முக்கியக் கோரிக்கை. நகரத்தின் போக்குவரத்தைப் பராமரிக்க யார் பணம் கொடுத்தார்கள் என்று கேட்டால், நேர்மையான பதில் இதுதான்: ஓட்டுநரும் நடத்துநரும் மெக்கானிக்கும் தங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

விபத்தில் பாதிக்கப்பட்டவர்களும் கொடுத்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அரசுக் கழகங்களுக்கு விலக்கு தருகிறது. தனி நிதி ஒன்றை வைத்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் போகாமல் தாங்களே இழப்பீடு தரலாம். கையில் பணம் இல்லாத கழகத்தின் நிதி எந்த நிலையில் இருக்கும்? குடும்பத் தலைவனை இழந்தவர்கள் வழக்காடி ஜெயித்த பிறகும் தொகை வராது. கடைசியில் நீதிமன்ற ஊழியர் பேருந்து நிலையத்துக்கே வந்து வண்டியை ஜப்தி செய்வார். பயணிகள் இறங்கி நிற்பார்கள். நாளிதழில் நாலு வரிச் செய்தியாக இதை நாம் எத்தனை தடவை படித்திருக்கிறோம்!

சரி, கட்டணத்தை உயர்த்தினால் தீராதா என்பார்கள். உயர்த்திப் பார்த்தாயிற்று. 2011 நவம்பரில் ஒரு முறை, 2018 ஜனவரியில் ஒரு முறை, இரண்டும் ஒரே இரவில் பெரிய தாவலாக. 2018இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள்; சில நாளில் அரசு கொஞ்சம் குறைத்தது. பயணிகளோ ஷேர் ஆட்டோவுக்கும் தவணையில் வாங்கிய ஸ்கூட்டருக்கும் போய்விட்டார்கள். போனவர் திரும்புவதில்லை என்பதுதான் இதில் உள்ள விஷம். ஸ்கூட்டர் வாங்கியவர் அதற்கான தவணையைக் கட்டிக்கொண்டு பேருந்தில் ஏன் ஏறுவார்? ஆள் குறைந்தால் கலெக்‌ஷன் குறையும், கலெக்‌ஷன் குறைந்தால் டிரிப்பைக் குறைப்பார்கள், டிரிப் குறைந்த தடத்தில் காத்திருக்கப் பொறுமையில்லாத அடுத்த ஆளும் ஸ்கூட்டர் பார்ப்பார். கட்டணமே கூட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஆண்டு சிறிதாக, முன்கூட்டிச் சொல்லி உயர்த்தினால் மக்கள் தாங்குவார்கள். ஆனால் பணிமனையைக் காப்பாற்றும் வேலையை டிக்கெட்டின் தலையில் வைத்தால் டிக்கெட்டும் போகும், பணிமனையும் போகும்.

மகளிர் இலவசப் பயணத்தை இந்தச் சீரழிவுக்குக் காரணமாகச் சொல்வதுதான் எனக்கு மிகவும் கோபம் தருவது. அது 2021 மே மாதம் தொடங்கியது. நான் மேலே சொன்ன பி.எஃப். பாக்கியும் ஜப்தியும் பழைய வண்டியும் அதற்குப் பல ஆண்டுகள் முந்தியவை. இலவசம் என்று நாம் சொல்வது பயணிக்குத்தான் இலவசம். அதற்கு ஈடாக அரசு கழகங்களுக்குப் பணம் தருகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் அதற்கு 3,600 கோடி ரூபாய். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்தத் தொகை பள்ளிக்கூடச் செலவு, மருந்துச் செலவு. அதோடு, சாதாரணக் கட்டண வண்டிகளைக் குறைத்து டீலக்ஸ் போர்டு மாட்டி மறைமுகமாகக் கட்டணம் ஏற்றும் பழைய தந்திரத்துக்கு இந்தத் திட்டம்தான் கொஞ்சம் கடிவாளம் போட்டது. இதில் எனக்கு ஒரே ஒரு குறைதான்: இந்தத் தொகை ஆண்டுதோறும் அரசு மனம் வைத்து ஒதுக்குவது. அது பெருகலாம், சுருங்கலாம். எந்தப் பணிமனை மேலாளரும் அதை நம்பி ஐந்து வருடத்துக்குத் திட்டம் போட முடியாது.

தனியாரிடம் விட்டால் சரியாகும் என்பவர்களுக்கு நான் சிங்கப்பூரைக் காட்டுகிறேன், ஏனென்றால் அவர்கள் எப்போதும் எனக்குக் காட்டுவது சிங்கப்பூரைத்தான். அங்கே ரயில் ஓட்டிய எஸ்எம்ஆர்டி 2000இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. லாபம் வந்தது, பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை போனது, ரயில் நிலையங்களில் கடைகள் பெருகின. 2011 டிசம்பர் 15 மாலை, வேலை விட்டு வீடு திரும்பும் நேரத்தில், வடக்கு-தெற்குத் தடத்தில் மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளம் தாழ்ந்து தொங்கியது. ரயில்கள் சுரங்கத்துக்குள் நின்றன. விளக்கும் காற்றும் இல்லாத பெட்டியில் ஒருவர் தீயணைப்புக் கருவியால் ஜன்னலை உடைத்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி அதே கோளாறு. இரண்டு நாளிலும் சேர்த்துப் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். விசாரணைக் குழு பராமரிப்பில் இருந்த குறைகளை வரிசையாக எழுதியது. தலைமை நிர்வாகி அதற்கு முன்பே பதவி விலகிவிட்டார். 2015 ஜூலை 7 அன்று நகரின் இரண்டு முதன்மைத் தடங்களும் ஒரே மாலையில் நின்றன.

அதன் பிறகு சிங்கப்பூர் அரசு செய்ததைத்தான் நம் நண்பர்கள் சொல்வதில்லை. 2016இல் ரயில்களையும் சிக்னல் கருவிகளையும் எஸ்எம்ஆர்டியிடமிருந்து 100 கோடிச் சிங்கப்பூர் வெள்ளிக்கும் மேல் கொடுத்து அரசே வாங்கிக்கொண்டது. அதே ஆண்டில் நிறுவனம் பங்குச் சந்தையிலிருந்து வெளியேறி, முழுக்கவும் அரசு முதலீட்டு நிறுவனமான டெமாசெக்கின் கைக்குப் போனது. பேருந்திலும் அதே ஆண்டு முறை மாறியது. டிக்கெட் பணம் அரசுக்கு, பேருந்தும் பணிமனையும் அரசுடையவை, ஓட்டும் நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி கட்டணம். பங்குதாரருக்குப் போகும் ஈவுத்தொகையும் தண்டவாளத்துக்குப் போக வேண்டிய பராமரிப்புச் செலவும் ஒரே பையிலிருந்து வந்தால் எது முதலில் குறையும் என்பதை அந்த நாடு விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது.

ஹாங்காங் ரயில் லாபத்தில் ஓடுகிறதே என்றால், ஆமாம், ஓடுகிறது. ரயில் வருவதற்கு முந்தைய விலையில் நிலையங்களைச் சுற்றியுள்ள நிலத்தின் உரிமையை அரசு அந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது. ரயில் வந்து நிலம் விலையேறியதும் அந்த ஏற்றம் தண்டவாளத்துக்கே திரும்பியது. பயணியின் டிக்கெட்டோடு நிலத்தின் மதிப்பும் அந்த ரயிலைத் தாங்குகிறது. பாரிஸில் 1971 முதல் முதலாளிகள் கொடுக்கிறார்கள்: 11 பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் சம்பளப் பட்டியலின் மீது போக்குவரத்துக்கென்று வரி கட்ட வேண்டும். அந்த வட்டாரப் போக்குவரத்தின் மிகப் பெரிய வருமானமே அதுதான். லண்டனில் 2003 பிப்ரவரி முதல் நகர மையத்துக்குள் நுழையும் கார் கட்டணம் கட்டுகிறது. அதன் நிகர வருமானம் போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்று சட்டம் சொன்னது. நியூயார்க் 1970களில் பராமரிப்பைத் தள்ளிப்போட்டு, ரயில்கள் அடிக்கடி தடம் புரளும் நிலைக்கு வந்த பிறகுதான் 1980களின் தொடக்கத்தில் பெரும் மறுசீரமைப்பு நிதியைத் திரட்டியது. 2025 ஜனவரி 5 முதல் மன்ஹாட்டனின் நெரிசல் பகுதியில் நுழையும் கார்களிடம் அங்கும் கட்டணம் வாங்குகிறார்கள்.

மும்பையின் பெஸ்ட் நிறுவனம் வேறு வழியில் ஓடியது. அதே நிறுவனம் தென்மும்பைக்கு மின்சாரமும் விற்றது. மின்சாரக் கட்டணத்தில் சேர்த்து வாங்கியது பேருந்தின் பள்ளத்தை நிரப்பியது. மின்சார ஒழுங்குமுறை மாறியதும் அந்த ஊற்று அடைபட்டது. அதற்கு ஈடாக வேறு நிதியைச் சட்டப்படி யாரும் ஏற்படுத்தவில்லை. சொந்த வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, வாடகை வண்டிகள் அந்த இடத்துக்கு வந்தன. 2019இல் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயாக இறங்கி, 2025 மே மாதம் 10 ரூபாயாக ஏறியது. இந்தியாவின் மிகச் சிறந்த நகரப் பேருந்துச் சேவை என்று பேர் வாங்கியது இப்படித் தேய்ந்ததற்குப் பயணிகள் பொறுப்பல்ல.

நம் ஊருக்கு வருவோம். 2025 ஜூன் மாதம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் சென்னைக்கு வந்தன. வண்டியும் ஓட்டுநரும் பராமரிப்பும் தனியார் நிறுவனத்துடையவை. நடத்துநர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். நிறுவனத்துக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். வண்டியில் 60 பேர் இருந்தாலும் ஆறு பேர் இருந்தாலும் அந்தத் தொகை குறையாது. இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. ஓடிய தூரத்துக்கு நிச்சயமான பணம் வந்தால்தான் பிரேக் லைனிங்கை உரிய நாளில் மாற்ற முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் இது. தனியாருக்குச் செலவை ஈடுகட்டிக் கொடுத்தால் அது ஒப்பந்தம். அதையே சொந்தக் கழகத்துக்குக் கொடுக்கச் சொன்னால் மானியம், தண்டச் செலவு. இந்த இரட்டை நாக்கை முதலில் விட வேண்டும்.

மெட்ரோ வந்துவிட்டால் இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் ஒரு முறை வேளச்சேரிப் பறக்கும் ரயில் நிலையங்களுக்குப் போய் வர வேண்டும். அந்தத் தடத்தின் இரண்டாம் கட்டத்துக்கு மாநில அரசு பெரும்பங்கு கொடுத்தது. ஓட்டுவது தெற்கு ரயில்வே. பிரம்மாண்டமான கூடங்கள் கட்டினார்கள். கட்டத்தான் பணம் இருந்தது. இருண்ட படிக்கட்டும் ஒழுகும் கூரையும் நின்றுபோன நகரும் படிகளும், மாலைக்குப் பிறகு பெண்கள் தனியாகப் போக அஞ்சும் நடைமேடையுமாக அவை கிடந்தன. கட்டுவதற்கு ஒரு கணக்கு இருந்து, காப்பாற்றுவதற்கு யாருடைய கணக்கும் இல்லாமல் போனால் இதுதான் நடக்கும். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இன்று பளபளக்கும் அந்தப் பெட்டிகளுக்கும் ஒரு நாள் இருபது வயது ஆகும்.

பணம் எங்கே இருக்கிறது? வாகன வரியில் இருக்கிறது. 2023 நவம்பரில் தமிழ்நாடு வாழ்நாள் வரியை உயர்த்தியது. 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள காருக்கு 20 விழுக்காடு. அந்த வருமானத்தில் ஒரு ரூபாய்கூடப் பேருந்துக்கென்று சட்டப்படி ஒதுக்கப்படுவதில்லை. தவிர, வாங்கும் அன்று ஒரே தடவை கட்டுவது அது. அதற்குப் பிறகு அந்தக் கார் தினமும் நூறு கிலோமீட்டர் ஓடினாலும், பொதுத்தெருவில் பதினைந்து ஆண்டு இலவசமாக நின்றாலும் வாகன வரியாக மேற்கொண்டு எதுவும் தராது. நிலத்திலும் பணம் இருக்கிறது. மெட்ரோத் தடத்தை ஒட்டிக் கூடுதல் தளப்பரப்புக்கு அனுமதி வாங்கிக் கட்டுகிறவருக்கு அந்த மதிப்பைக் கொடுத்தது பொதுப் போக்குவரத்து. அந்தக் கட்டணத்தில் பேருந்துக்கும் மெட்ரோவுக்கும் நிரந்தரப் பங்கு இருக்க வேண்டும். பாரிஸ் வழியை அப்படியே எடுக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவு தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று 1988இல் வைத்த உச்சவரம்பு இன்னும் இருக்கிறது. அதை மாற்ற டெல்லி மனம் வைக்க வேண்டும். ஆனால் வாகன வரியும் தளப்பரப்புக் கட்டணமும் வாகன நிறுத்தக் கட்டணமும் சென்னையிலேயே முடிவாகக் கூடியவை.

ஊழல், உதிரிபாகக் கொள்முதலில் கசிவு எல்லாம் உண்டு. அவற்றைத் தணிக்கை செய்யுங்கள், தவறியவரைத் தண்டியுங்கள். நிச்சயமான பணமும், எத்தனை கிலோமீட்டர் எந்தத் தரத்தில் என்ற எழுத்து ஒப்பந்தமும் இருந்தால்தான் அந்தத் தணிக்கைக்கே பொருள் உண்டு. இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்க 2010இல் சட்டம் இயற்றிச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் என்று ஒன்றை உருவாக்கினோம். அதன் முதல் கூட்டம் நடக்க 2022 ஆயிற்று. அதற்கு ஒரு செயலி இருக்கிறது, திட்ட வரைவுகள் இருக்கின்றன. வேண்டியது அதற்கென்று ஒரு நிதி. வாகன வரியிலும் தளப்பரப்புக் கட்டணத்திலும் குறிப்பிட்ட விழுக்காடு தானாக வந்து சேரும் நிதி, எந்த நிதியமைச்சரும் நடுவில் கை வைக்க முடியாத நிதி.

அடுத்த முறை உங்கள் தொகுதியில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் புதுப் பேருந்து எத்தனை என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரிடமும் பதில் இருக்கும். அந்தப் பேருந்தின் ஏழாவது வருடத் தரைப்பலகைக்குப் பணம் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்து வரும் என்று கேளுங்கள். இன்றைய தேதியில் தமிழ்நாட்டில் அப்படி ஒரு பிரிவு இல்லை.